கேட்டுவிட்டுத்தான் செய்கிறார்கள்

அந்த அண்ணன்காரன் மறுபடியும் சமையலறைக்குள் வந்தான். ஈரக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அடுப்பில் இருந்த பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா கை மணம் அப்படியே இருக்கு" என்று அவன் பாஷையில் சொன்னான்.

"ஆமா, இதையே எத்தனை தரம் சொல்லுவே? உக்காரு, சூப்பைக் குடி, சொல்ல வந்ததைச் சொல்லு" என்றாள் காமு, சோபாவில் காலை நீட்டியபடி.

"அவனுக்குக் காது கேக்காது காமு" என்றார் ஜெயகிருஷ்ணன்.

மாடம்பாக்கத்தில் அந்த இரண்டாம் மாடி வீட்டில், சாயங்காலக் காபிக்கும் விளக்கேற்றுவதற்கும் இடையே இப்படித்தான் போகும். மருமகன் ஷ்யாம்சுந்தர் போன வருஷம் கனடாவிலிருந்து வந்தபோது விட்டுவிட்டுப் போன வீடியோ கேம் பெட்டியில் வரும் கதை அது. சீரியல் பார்த்து அலுத்துப்போய் ஒரு நாள் ஜெயகிருஷ்ணன் அதைப் போட்டுப் பார்க்க, இரண்டு பேருக்கும் பழக்கமாகிவிட்டது. ரிமோட் அவர் கையில். கதையில் யாராவது ஏதாவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது காமுவின் பொறுப்பு. அவளுக்கு அந்த ரிமோட்டில் இருந்த இரண்டு குமிழ்களையும் ஒரே நேரத்தில் திருக வரவில்லை. அவருக்கு முடிவெடுக்க வரவில்லை. மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேலேயிருந்து சீட்டு வராமல் ஒரு போல்ட்டைக்கூட எடுத்துக் கொடுத்து அறியாதவர்.

கதை இதுதான். கடற்கரை ஊரில் ஒரு பெண் தனி ஆளாக ஒரு தங்கும் விடுதியை நடத்துகிறாள். மழை நாளில் அண்ணன் வந்து, தன் மனைவிக்கு உடம்பு சரியில்லை, குழந்தைகளைப் பார்க்க ஆளில்லை, என்னோடு வா என்று கூப்பிடுகிறான். அதன்பின் படகு, புயல். புயலில் படகைக் கவிழாமல் ஓட்டவேண்டியது ஜெயகிருஷ்ணன். அவர் தினமும் கவிழ்த்தார். கவிழ்ந்ததும் கதை பழையபடி சமையலறைக்கே வந்து நின்றது. கோட்டு, ஆணி, சூப்பு, அம்மாவின் கை மணம் எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்துத்தான் தீரவேண்டும். தாண்டிப்போக வழியில்லை.

கடைசியில் அண்ணன் கேட்பான்: "நீ என்ன சொல்றே?" திரையின் அடியில் மூன்று பதில்கள் வரும். வருகிறேன். யோசித்துச் சொல்கிறேன். விடுதியை யார் பார்த்துக்கொள்வது? அவற்றின் கீழே ஒரு வெள்ளைக்கோடு இரண்டு பக்கமிருந்தும் சுருங்கிக்கொண்டே வரும். அது தீர்வதற்குள் சொல்லியாகவேண்டும்.

"சொல்லு, எது?" ஜெயகிருஷ்ணன் கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டு அவசரப்படுத்தினார்.

"இருங்க, யோசிக்க விடுங்க."

கோடு தீர்ந்தது. அண்ணன் எழுந்து வந்து தங்கையின் தோளைத் தட்டினான். நீ மாட்டேன் என்று சொல்லமாட்டாய், எனக்குத் தெரியும் என்றான். அடுத்த காட்சியில் அவள் பெட்டியோடு படகில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் வாயே திறக்கலையே!" என்றாள் காமு.

"திறக்கலைன்னா சரின்னு எடுத்துக்கும் போல."

"மூணு பதிலையும் சொல்லிப் பாத்தாச்சு. எதைச் சொன்னாலும் படகுல ஏத்திடறான். வரமாட்டேன்னு ஒரு பதிலே வைக்கலை, பாத்தீங்களா?"

"நெட்ல படிச்சேன். கதை மாறாதாம். நீ சொல்ற பதிலுக்கு ஏத்த மாதிரி, பின்னாடி மத்தவங்க உன்கிட்டப் பேசற விதம்தான் மாறுமாம்."

"அப்ப எதுக்குக் கேக்கறான்?"

"கேக்காம கூட்டிக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்றபடியே அவர் படகைப் பாறையில் மோதினார்.

காமு எழுந்து உள்ளே போனாள். கோபம் எல்லாம் இல்லை. ஒரு அலுப்பு. இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் அதுதான் முதலில் வந்து நிற்கிறது.

காமுவை யாரும் கேட்காமல் எதையும் செய்ததில்லை. இதை அவளே ஒப்புக்கொள்வாள். குரோம்பேட்டையில் அவள் அப்பா மாப்பிள்ளை பார்த்தபோது, "உனக்குச் சம்மதம்தானேம்மா?" என்று கேட்டார், கேட்கும்போது தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு தயாராக இருந்தது. சேலையூரில் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம், ஜூன் மாத அட்மிஷன் கூட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமையும் வரமுடியுமா என்று கரஸ்பாண்டென்ட் கேட்பார். கேட்டுக்கொண்டே சாவியை மேஜைமேல் வைப்பார். அவளும் எடுத்துக்கொள்வாள். நல்ல மனுஷி என்று பெயர். ஓய்வு பெற்ற அன்று சந்தனமாலை போட்டார்கள்.

மகள் ப்ரியாவும் கேட்டுவிட்டுத்தான் செய்தாள். முதல் பிரசவத்துக்குக் கனடாவில் கால்கரிக்குப் போய் ஆறு மாதம், அப்புறம் பேரனைப் பார்த்துக்கொள்ளும் பெண் நின்றுபோனபோது இன்னொரு ஆறு மாதம். அங்கே யாரும் அவளைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஜன்னல்களைத் திறக்க முடியாது, அவ்வளவுதான். விடிந்தால் பால் புட்டிகள், அப்புறம் துணி, சமையல், குழந்தையைத் தூங்கவைப்பது, மறுபடியும் புட்டிகள். அவர்கள் ஆபீஸ் விட்டு வரும்போதே வெளியே இருட்டியிருக்கும். "அம்மா, நீ ரெஸ்ட் எடு" என்பாள் ப்ரியா, லேப்டாப்பைத் திறந்தபடி.

இப்போது இரண்டாவது பிள்ளை. நவம்பர் கடைசியில் பிறக்கும். பெண்ணைப் பெற்றவள் போவது பற்றி யாருக்கும் சந்தேகமே இல்லை. காமுவுக்குப் போக வேண்டாம். இதற்கு ஒரு காரணம் கேட்டால் அவளிடம் இல்லை. ஜெயகிருஷ்ணனிடம் சொல்லிப் பார்த்தாள். "வேண்டாம்னு எப்படிச் சொல்றது? உடம்புக்கு ஏதாவதுன்னாலாவது சொல்லிக்கலாம்" என்று மோவாயைத் தடவிக்கொண்டார். அதன்பிறகு அவர் செய்த காரியம்தான் ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே வந்தது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ப்ரியா வீடியோவில் வருவாள். அங்கே சனிக்கிழமை ராத்திரி. அன்று முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"அம்மா, உன் முட்டிக்கு எல்லா ஏற்பாடும் பண்ணியாச்சு!"

"என் முட்டிக்கா?"

"அப்பா எல்லாம் சொல்லிட்டார், மறைக்காதே. ஏர்போர்ட்ல வீல்சேர் சொல்லியாச்சு. சென்னைலயும் உண்டு, இங்கயும் உண்டு. வீட்டுலேருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு பிசியோதெரபிஸ்ட், பஞ்சாபிப் பொண்ணு, அவகிட்டப் பேசிட்டேன். உன் ரூமைக் கீழயே போட்டாச்சு, படியே ஏற வேண்டாம். நீ அங்க இருந்து வலியோட கஷ்டப்படறதுக்கு இங்க வந்தா குணமாயிடும்."

காமு திரும்பிப் பார்த்தாள். ஜெயகிருஷ்ணனுக்கு அந்த நேரம் பார்த்துக் காலண்டர் கோணலாகத் தொங்குவது தெரிந்து, எழுந்துபோய் நிமிர்த்திக்கொண்டிருந்தார். வரமுடியாது என்று சொல்ல இந்தப் பக்கத்து மனிதர்களுக்குத் தெரிந்த ஒரே வழி வியாதி. தானாகப் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்து ஒரு முட்டியைக் கொடுத்திருக்கிறார். புரிந்துகொள்ளாமல் அவர்கள் அதைக் குணப்படுத்தக் கிளம்பிவிட்டார்கள்.

"அக்டோபர் கடைசி டிக்கெட் பாத்து வெச்சிருக்கோம். உனக்கு ஓகேதானேம்மா?"

வழக்கமாக இந்த இடத்தில் காமு பேரன் எங்கே என்று கேட்பாள். பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். டிக்கெட் வந்துவிடும். இன்றைக்கும் அந்தக் கேள்விதான் வாயில் வந்தது. கேட்கவில்லை.

"முட்டி நல்லாத்தான் இருக்கு, ப்ரியா."

"பின்ன அப்பா சொன்னாரே?"

"பொய் சொன்னார்."

"ஐயோ, பொய்னு இல்ல, லேசா வலிக்குதுன்னு ஒரு தடவை..." என்று காலண்டர் பக்கமிருந்து குரல் வந்தது.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் காமு. "ப்ரியா, நான் வரலை."

ப்ரியாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் போகவில்லை. "ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. அலுப்பா இருக்கு."

"அலுப்புன்னா? தைராய்டு பாத்தியா? பி12?"

"அதெல்லாம் இல்லைடி. எனக்கு மறுபடி அங்க வந்து அதையே செய்யறதுக்குத் தெம்பு இல்லை. மனசும் இல்லை."

சிரிப்பு இப்போது போய்விட்டது. "எல்லாருக்கும் அம்மா வராங்கம்மா. பக்கத்து வீட்டு குஜராத்தி ஆன்ட்டி எழுபத்திரண்டு வயசுல வந்திருக்காங்க."

"தெரியும். பாவம்."

"பாவமா? அப்ப போன ரெண்டு தடவையும் நீ வந்தது?"

"போன ரெண்டு தடவையும் அலுப்பாத்தான் இருந்தது."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன உடனே அவளுக்கே தெரிந்தது. ப்ரியாவின் கண் நிறைந்தது. வயிற்றின்மேல் ஒரு கை தானாகப் போய் உட்கார்ந்தது.

"நான் கேட்டுட்டுத்தானேம்மா டிக்கெட் போட்டேன்? ரெண்டு தடவையும் கேட்டேனே?"

"கேட்டே. தப்பு உன்மேல இல்லை. நான்தான் சொல்லலை."

"சரிம்மா. நான் பாத்துக்கறேன்" என்றாள் ப்ரியா. திரை அணைந்தது.

"கொஞ்சம் இதமாச் சொல்லியிருக்கலாம்" என்றார் ஜெயகிருஷ்ணன்.

"இதமா நீங்க சொன்னீங்களே, வீல்சேர் வந்துதே, பாத்தீங்கல்ல?"

காமு மத்தியானம் வெறும் ரசமும் அப்பளமும் வைத்தாள். பெண் தனியாகப் பிள்ளை பெறுவாள், இவள் இங்கே விசிறிக்கடியில் உட்கார்ந்திருப்பாள். ஊர் என்ன சொல்லும் என்பதைவிட இதுதான் உறுத்தியது. பத்து தடவை போனை எடுத்து, நான் வருகிறேன் என்று டைப் செய்யப் போய், கீழே வைத்தாள்.

புதன்கிழமை காலை கூடுவாஞ்சேரியிலிருந்து சம்பந்தி அம்மாள் கூப்பிட்டாள். ஷ்யாமின் அம்மா. கணவர் போனபிறகு தங்கையோடு இருக்கிறாள். பிள்ளையைப் பெற்றவள் கேட்கத்தானே செய்வாள் என்று நினைத்தபடியே காமு போனை எடுத்தாள்.

"சம்பந்தி, நீங்க வரமாட்டேன்னு சொல்லிட்டீங்களாமே?"

"ஆமாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க..."

"அதை விடுங்க." அந்தக் குரல் தாழ்ந்தது. பக்கத்து அறையில் தங்கை இருக்கிறாள் போலிருக்கிறது. "எப்படிச் சொன்னீங்க?"

"எப்படின்னா?"

"என்ன வார்த்தை சொன்னீங்க? நேத்து என்னைக் கேட்டான் ஷ்யாம். அம்மா, நீ வரியா, உனக்கு ஓகேதானேன்னான். எனக்கு அந்தக் குளிர் ஆகவே ஆகாது சம்பந்தி. ஒரு தடவை போயி, நாலு மாசம் மொட்டை மாடி பாக்காம பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆயிட்டேன். பி.பி.ன்னு சொல்லிடலாமான்னு பாக்கறேன்."

"ஐயோ, வியாதி மட்டும் சொல்லாதீங்க. அங்க டாக்டர் பாத்து வெச்சுடுவாங்க."

சம்பந்தி சிரித்தாள். காமுவுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் தட்டிவிட்டது நேராக இவள் தலையில் போய் இறங்கியிருக்கிறது. சரி, நானே போகிறேன், விடுங்கள் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அப்படியே நிறுத்திவைத்தாள்.

"அலுப்பா இருக்குன்னு சொன்னேங்க. அவ்வளவுதான். அவளுக்கு மனசு ரொம்ப விட்டுப்போச்சு. இன்னும் பேசலை."

"பேசுவா." பிறகு சம்பந்தி, "ஏங்க, அங்க குழந்தை பிறந்தா அப்பாவுக்கும் லீவு உண்டுன்னு சொல்றாங்களே, நிஜமா?" என்றாள்.

"உண்டு. மாசக்கணக்கா உண்டு. முதல் குழந்தைக்கு மாப்பிள்ளை எடுத்துக்கலை. ப்ரமோஷன் நேரம்னாங்க. நான்தான் இருக்கேனே, அதனால அந்தப் பேச்சே வரலை."

"அப்படியா சேதி. இந்தத் தடவை எடுத்துக்கட்டும். நீங்க சொன்னா மாப்பிள்ளையை வேலை வாங்கறாங்கன்னு ஆயிடும். நான் சொல்றேன், நான் பெத்த பிள்ளைதானே? புட்டி கழுவினா கை தேஞ்சா போயிடும்? நான் குளிச்சுட்டுக் கூப்பிடறேன் அவனை."

அவள் கூப்பிட்டாளா, என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. அந்த வாரம் முழுவதும் கனடாவிலிருந்து சத்தம் இல்லை. பேரன் படமும் வரவில்லை. ஜெயகிருஷ்ணன் போனைச் சார்ஜில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு ப்ரியா வந்தாள். வீடியோ இல்லை, வெறும் குரல்.

"ஷ்யாம் ஆபீஸ்ல லீவுக்குச் சொல்லியிருக்கான். அஞ்சு மாசம். முனகிக்கிட்டேதான் சொன்னான்."

"சரிம்மா."

"லேகியம் மட்டும் அனுப்ப முடியுமா? இங்க வேற ஒண்ணும் தேவைப்படாது."

"அனுப்பறேன். நீ சாப்பிட்டியா?"

"ஆச்சு. வெச்சுடறேன்."

முன்னெல்லாம் வைக்கிறேன் வைக்கிறேன் என்று இரண்டு மூன்று முறை சொன்னபிறகுதான் ப்ரியா போனை வைப்பாள். இது பள்ளி அலுவலகத்துக்கு யாரோ பெற்றோர் போன் செய்து, வேண்டியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வைத்த மாதிரி இருந்தது. இந்தக் குரல் இன்னும் எத்தனை மாதம் இப்படி இருக்குமோ. இருக்கட்டும், வேறு வழியில்லை என்று காமு நினைத்துக்கொண்டாள்.

"கோவமா இருக்காளா?" என்றார் ஜெயகிருஷ்ணன்.

"இருக்கா."

"லேகியத்துக்கு என்ன வாங்கணும்? கேம்ப் ரோடு நாட்டு மருந்துக் கடைல எல்லாம் கிடைக்கும். இப்பவே போயிட்டு வரவா?"

"நவம்பருக்குத்தானே? இப்ப என்ன அவசரம்." காமு ஜன்னல் கதவைத் திறந்து கொக்கியை மாட்டினாள். "குக்கர் நாலு விசில் வந்ததும் அணைச்சுடுங்க. நான் கொஞ்சம் படுத்துக்கறேன்."