ரேடியோ கேட்க நிறுத்திய பஸ்

கூலிம் ஹைடெக் பூங்காவில் பகல் சிப்ட் முடிந்தவர்களைச் சுங்கை லாலாங் வரை கொண்டுபோய் விடுவது என் வேலை. போன வருடம் ஒருநாள் வழியில் திகாம் பத்துவில் பஸ்ஸை நிறுத்தினேன். ஐந்து பேர் இறங்க வேண்டும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“என்னம்மா, வீடு வாசல் இல்லையா?”

“லெட்சுமி அக்கா பேரு ரேடியோல வர்றத கேட்டுட்டுத்தான் இறங்குவோம். பஸ்ஸ எப்படியும் இங்க உங்க வீட்டுலதான போடுவீங்க? திரும்பி வரும்போது விடுங்கண்ணே” என்றாள் மேரி.

லெட்சுமிக்கு அன்றோடு வேலை முடிகிறது. இருபது வருடத்துக்கு மேல் என் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவள். கடல் தாண்டி வரும் ஒரு தமிழ் ஸ்டேஷனுக்குப் பாட்டு கேட்டு எழுதிக்கொண்டே இருப்பாள். ஒரு தடவைகூட அவள் பெயர் எங்கள் காதில் விழுந்ததில்லை. இந்தத் தடவை மேரி வாட்ஸ்அப்பில் எல்லார் பெயரையும் போட்டு வாழ்த்து கேட்டிருந்தாள். ஆறு மணிக்கு வாசிப்போம் என்று பதிலும் வந்தது. அவர்களுக்கு ஆறு என்றால் நமக்கு எட்டரை.

அந்த ஸ்டேஷன் ஏ.எம்.மில்தான் வரும். பகலில் வராது, பொழுது சாய்ந்தால் வரும். என் பஸ் ரேடியோ, லாரி உடைக்கிற கடையில் கழற்றி வாங்கியது. அந்தக் கடைக்காரர் ஒன்பது பூனை வளர்த்தார், அதை விடுங்கள். ஏ.எம்.முக்கு எல்லாமே எதிரி. ஆக்சிலேட்டரை மிதித்தால் ஊய் என்று கத்தும். ஏர்கான், போன் சார்ஜர், மேலே போகிற கரண்டு கம்பி, எதுவும் ஆகாது.

சுங்கை லாலாங் பக்கம் எண்ணெய்க்கான செம்பனை புதிதாக நட்ட காடு ஒன்று உண்டு. கன்றுகள் முழங்கால் உயரம், கம்பியே கிடையாது. எட்டு இருபதுக்கு அங்கே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். ரோட்டோரமாச்சே என்று முன்விளக்கை மட்டும் எரியவிட்டேன்.

“சார்ஜர் எல்லாம் கழட்டுங்க!”

லெட்சுமி முன்னால் வந்து ஸ்பீக்கரில் கையை ஊன்றிக் காதை வைத்தாள். குரல் ஏறியது, இறங்கியது. எட்டரை தாண்டியும் பெயர் வரவில்லை. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, ரேடியோ முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டிருந்தேன்.

“...மலேசியா, கெடா... இன்று பணி ஓய்வு பெறும்... லெட்சுமி சுப்ரமணியம்...”

அப்புறம் ஒரே இரைச்சல்.

“எங்க பேரெல்லாம் எங்கண்ணே?” மேரி கத்தினாள்.

“கடல்ல விழுந்துருச்சு.”

லெட்சுமி சிரிக்கவில்லை. “அப்பா பேரையும் சேத்து சொன்னாங்க, கேட்டீங்களா?” என்றாள். ஸ்பீக்கரை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

சாவியைத் திருப்பினேன். டக். மறுபடி டக். பழைய பேட்டரி. அடுத்த மாதம் மாற்றலாம் என்று இருந்தேன்.

“சூசாவா போச்சு லா” என்று ஒருத்தி தலையில் கைவைத்தாள். பஸ்ஸில் இருந்த பதினெட்டுப் பேரும் யூனிபார்மோடு இறங்கித் தள்ளினார்கள். நீ உட்காரு என்று சொல்லியும் லெட்சுமி கேட்கவில்லை.

“கடைசி நாளும் வேலை வாங்குறீங்களே அண்ணே!”

உள்ளே அவளுக்காகப் போட்ட பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியில் அதற்கு மட்டும் தெம்பு இருந்தது. மூன்றாவது தள்ளலில் எஞ்சின் பிடித்தது. ஊய் என்ற சத்தத்தில் பாட்டு போயே போய்விட்டது.

பஸ் ஓட்டும் தம்பிகளே, ஏ.எம். கேட்க நிறுத்தினால் கம்பி இல்லாத இடம் மட்டும் பார்த்தால் போதாது. கொஞ்சம் இறக்கமாகவும் பாருங்கள்.