இரண்டு திரையில் ஒரே கை

என் தங்கையின் மூத்த மகளைப் பஸ் நிலையத்தில் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நாளடைவில் வீட்டிலும் அவள் மைக் ஆகிவிட்டாள். எந்த பஸ் எந்த வாசலில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பை கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து சொல்வது அவள் வேலை. அந்தக் குரல் கேட்டதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடாத ஆள் கிடையாது. ஆனால் வீட்டுக்குள் கால் வைத்துவிட்டால் அவள் வாய் திறக்க மாட்டாள். எல்லாம் கைதான்.

காரணம் அவள் தங்கை, எங்கள் சின்னவள். பிறவியிலேயே காது கேட்காது. எங்கள் வழியில் இது புதிதில்லை. என் அம்மாவின் சித்தி மகன் ஒருவர் அப்படித்தான். அவருடைய பேத்திக்கும் ஒரு பக்கம் மந்தம். அவர்களிடமெல்லாம் தலையாட்டியும் சிரித்துமே காலத்தை ஓட்டிவிட்டோம், அவர்கள் மனசில் என்ன இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. சின்னவளை மைக் அப்படி விடவில்லை. தன் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் போதும், காது கேளாதோர் பள்ளிக்கு ஓடிப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். அப்படித்தான் கைப்பேச்சு கற்றாள். என் தங்கையும் அவள் புருஷனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, சின்னவளுக்குத் தாய், காது, வாய் மூன்றும் மைக்தான்.

சின்னவளைக் கட்டியவன் பேக்கரியில் அடுப்பு பார்ப்பவன், தங்கமான பையன். கல்யாணத்துக்கு அப்புறம்தான் கையால் பேசப் பழகினான். சாப்பாடு, தூக்கம், கோபம் இந்த மூன்றும் அவனுக்குச் சரளம். மற்றதற்கெல்லாம் மாடியைப் பார்த்து, “அக்கா, கொஞ்சம் கீழ வாங்களேன்” என்று குரல் கொடுப்பான். மைக் மாடியில், அவர்கள் கீழே.

சின்னவள் மாசமானதும் மைக் செய்த முதல் காரியம், பிரசவ அறையில் தானும் கூட இருக்க ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கியது. அங்கே டாக்டர், நர்ஸ் எல்லாரும் மாஸ்க் போட்டிருப்பார்கள். உதட்டைப் பார்த்து நாலு வார்த்தையாவது பிடிப்போம் என்றாலும் முடியாது. எல்லாம் ஏற்பாடாகி, இன்றோ நாளையோ என்று இருக்கும்போது மைக்குக்கு அம்மை போட்டுவிட்டது.

சின்னவளுக்கு அதுவரை அம்மை வந்ததில்லை. முதல் கொப்புளத்தைப் பார்த்ததுமே மைக் மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குச் சிறு வயதிலேயே வந்து போனதால் நான் மட்டும் உள்ளே போய் வருவேன். பேக்கரிக்காரன் ஆஸ்பத்திரிக்கு ஓடி, அக்கா வீட்டிலிருந்தே வீடியோவில் பேசலாமா என்று கேட்டான். தலைமை நர்ஸ் யோசித்துவிட்டு, கட்டில் பக்கத்தில் ஸ்டாண்டு வைத்து ஒரே ஒரு போன் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒயர் எதுவும் இழுக்கக் கூடாது, காலில் தட்டும் என்று சொல்லிவிட்டார். சின்னவளிடம் இருந்த போனோ கீறல் விழுந்து, தொட்டால்தான் உயிர் இருப்பது தெரியும். புதுசு ஒன்று வாங்கியாக வேண்டும், அதுவும் விலை குறைந்ததில்தான்.

பேக்கரிக்காரனும் சின்னவளும் கடைக்குப் போனார்கள். செல்போன் கடைக்காரர் மைக்குக்குத் தெரிந்தவர். கறுப்பு ஒன்று, நீலம் ஒன்று, இரண்டும் ஒரே விலை. வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள், மேலே ஒட்டியிருக்கும் தாளை மட்டும் உரித்துவிடாதீர்கள் என்று சொல்லி இரண்டையும் கொடுத்தாராம். கறுப்பு பறக்கும், எந்த கேம் போட்டாலும் திணறாது என்றாராம். நீலத்துக்குச் சார்ஜரையே மறந்துவிடலாம் என்றாராம். அதோடு விடாமல், நீலத்தின் ஸ்பீக்கர் என்ன கனம் பாருங்கள் என்று ஒரு பாட்டை அலறவிட்டுச் சின்னவளிடம் நீட்டியிருக்கிறார். அவள் போனின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, நன்றாகத் துடிக்கிறது என்று மரியாதையாகத் தலையாட்டினாளாம்.

மறுநாள் காலையில் பரீட்சை ஆரம்பமாயிற்று. கீழே ஜன்னல் பக்கத்தில் சின்னவள், அவள் எதிரே இரண்டு போனும். மாடியில் மைக்கின் போனில் கறுப்பு, என் போனில் நீலம். நான் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே பெண் இரண்டு ஜன்னலில் தெரிகிற மாதிரி இருந்தது.

சின்னவள் பேசினாள். காலை வணக்கம், நான் நலம், வெயில் நன்றாக இருக்கிறது. ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி, வெளியூர்க்காரரிடம் பேசுவதுபோல் பேசினாள். இரண்டு திரையிலும் ஒரு வித்தியாசமும் இல்லை. நேரம் போகப் போகக் கறுப்பில் சார்ஜ் மளமளவென்று இறங்கியது. நீலம் அசையவே இல்லை. கறுப்பைப் பவர் பேங்கில் செருகிக்கொண்டே பேசிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் தோசைக்கல் மாதிரி சூடாகி, கேமராவை அதுவே மூடிக்கொண்டது. பேக்கரிக்காரன் கீழே இருந்து கத்தினான். தலைப்பிரசவம், நாள் முழுக்க இழுத்தாலும் இழுக்கும், நீலம்தான் என்று. மைக்கும் சரி என்று தலையசைத்தாள். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது.

அப்போதுதான் சின்னவள் பேச்சோடு பேச்சாக, டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரை வாந்தி வருகிறது, நிறுத்திவிட்டேன் என்று சொன்னாள். மைக்குக்கு வந்ததே கோபம். அம்மைக் கொப்புளத்தோடு எழுந்து நின்று கையை வீசித் திட்டினாள். சின்னவளா சும்மா இருப்பவள்? மாடியில் படுத்துக்கொண்டு அதிகாரம் பண்ணுகிறாயா, வயிறு உனக்கா எனக்கா என்று பொரிந்து தள்ளினாள், மைக் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் கை போன வேகத்தில் வளையல் முழங்கைக்கு ஏறிவிட்டது.

திட்டிக்கொண்டிருந்த மைக் சட்டென்று நின்றாள். என் கையில் இருந்த இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“மாமா, நல்லாப் பாருங்க.”

பார்த்தேன். கறுப்பில் சின்னவளின் கை தண்ணீர் மாதிரி ஓடியது. நீலத்தில் கை முகவாயில் இருந்தது, அடுத்த நொடி வயிற்றில் இருந்தது. நடுவில் எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. விரல்கள் கரைத்த மாவு மாதிரி குழம்பிக் கிடந்தன.

கை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் சரியாகப் போய்ச் சேருகிறதே என்றேன்.

“சேர்ற இடத்துல பாதிதான் மாமா இருக்கு. போற வழியிலதான் மீதிப் பேச்சு இருக்கு. வலியில அவ மெதுவாவா பேசப் போறா? இவ்வளவு நேரம் நமக்குப் பரீட்சை எழுதிக் காட்டியிருக்கா, லூசு.”

எத்தனை வருஷமாக இந்தப் பிள்ளைகள் கையால் பேசுவதைப் பார்க்கிறேன். சும்மா சாடை காட்டுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நம் வாய்ப்பேச்சில் இழுப்பும் குழைவும் கோபமும் இருப்பதுபோல், அந்தக் கை போகிற பாதையிலே எல்லாம் இருந்திருக்கிறது. அது தெரியாமலே அம்மாவின் சித்தி மகனுக்குத் தலையாட்டிவிட்டு இருந்திருக்கிறோம்.

கறுப்பு என்று முடிவாயிற்று. ஆனால் அது அரை உயிரில் இருந்தது. இரண்டையும் வாங்க வழியில்லை. அதைச் சார்ஜில் போட்டு முழுசாக ஏற்றிவைப்போம் என்று எழுந்தபோது கீழே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. சின்னவளுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது.

பேக்கரிக்காரன் பதற்றத்தில் நீலத்தை எடுத்துப் பைக்குள் போட்டான். சின்னவள் அதைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டு, கறுப்பின் மேல் ஒட்டியிருந்த தாளை நகத்தால் கீறி உரித்தாள். இனி கடைக்காரர் திரும்ப வாங்க மாட்டார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? போகிற வழியில் வீடியோ போடாமல் பவர் பேங்கில் செருகியதில் கொஞ்சம் ஏறியது, அவ்வளவுதான். வலி விட்டிருக்கும்போது அணைத்துவிடுவது, டாக்டர் பேச வரும்போது மட்டும் போடுவது என்று அக்காளும் தங்கையும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

மாடியில் மைக் கறுப்பு ரவிக்கை போட்டுக்கொண்டு, பின்னால் வெள்ளைப் போர்வையைக் கட்டச் சொன்னாள். அப்போதுதான் தன் கை தங்கைக்குப் பளிச்சென்று தெரியுமாம். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துச் சார்ஜரைச் செருகினேன். அவள் பக்கம் தீராது. அந்தப் பக்கம்தான் தீரும். சாயங்காலத்துக்குள் அது சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது என்று நர்ஸிடம் கேட்டுப் பேக்கரிக்காரன் வெளியிலிருந்து எனக்கு அழைத்துச் சொன்னான்.

அந்த நேரத்தில்தான் திரை விழித்துக்கொண்டது. சின்னவளின் ஒரு கையில் ட்ரிப்ஸ் ஊசி. இன்னொரு கை மட்டும்தான் பேசியது. பாதிக் கையில் வந்ததை மைக் முழுசாக எடுத்துச் சொன்னாள், பஸ் நிலையத்துக் குரலில்.

“டாக்டரம்மா, இடது கால் மரத்துப்போச்சுன்னு சொல்றா. தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்றா.”

அந்தக் குரலைக் கேட்டு ஒரு நர்ஸ் திரும்பிப் பார்த்ததை நானே பார்த்தேன். தினமும் பஸ் ஏறுகிறவராக இருக்கும்.

டாக்டர் சொல்லச் சொல்ல மைக்கின் கை போயிற்று. முக்கு, இன்னும், இன்னும். திடீரென்று மாஸ்க்குக்குள்ளிருந்து டாக்டரின் குரல் மாறியது.

“நிறுத்தச் சொல்லுங்க. கொடி சுத்தியிருக்கு. முக்கவே கூடாது.”

சின்னவளுக்கு என்ன தெரியும்? அவள் பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கண் மூடினால் அவளுக்குக் காதும் மூடின மாதிரிதான். மைக் போனைப் பார்த்து, நர்ஸிடம் அவள் தோளை இரண்டு தட்டுத் தட்டச் சொன்னாள். தட்டியதும் சின்னவள் கண் திறந்தாள். மைக்கின் உள்ளங்கை திரை நிறைய நின்றது. அப்புறம் அந்தக் கை மெதுவாக வாய்ப் பக்கம் போய், ஊது, ஊது என்று காட்டியது. சின்னவள் முக்காமல் வாயால் ஊதினாள். உடம்பு முழுக்க வெளியே தள்ளத் துடிக்கும்போது நிறுத்துவதென்றால் சும்மாவா? அக்காளின் கையைவிட்டுக் கண் எடுக்காமல் ஊதிக்கொண்டே இருந்தாள். நான் செம்பைப் பிடித்துக்கொண்டேன், போன் சரிந்துவிடுமோ என்று.

டாக்டர் ஏதோ செய்தார். பிறகு, இப்போது என்றார். முக்கு என்று மைக்கின் கை இறங்கியது.

குழந்தையை உடனே ஓரமாக எடுத்துப் போய்விட்டார்கள். சின்னவளுக்கு நர்ஸ்களின் முதுகுதான் தெரிந்தது. அவள் கை கேட்டது எனக்கே புரிந்தது. என்ன ஆச்சு? மைக் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்புறம் அது வந்தது. மெலிசாக, கிழிந்த மாதிரி ஒரு அழுகை.

தாய்க்கு முன்னால் எங்கள் வீட்டில் அதைக் கேட்டவர்கள் மாடியில் இருந்த நாங்கள் இருவரும்தான். மைக் சொன்னாள், அழுகிறது என்று. சின்னவள் விடவில்லை. எப்படி என்று கேட்டாள்.

மைக் ஒரு கையை மூடி நெஞ்சுக்கு நேரே வைத்தாள். அது முதலில் நடுங்கியது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, துடித்து, மேலே ஏறி, உச்சியில் போய் வெடித்து, மறுபடி சுருங்கி அடுத்த மூச்சுக்குக் காத்து நின்றன. நான் காதால் கேட்டது அதேதான், ஒரு இம்மி கூடக் குறையவில்லை. சின்னவளின் முகத்தைப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இன்னொரு தடவை என்றாள். மைக் இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை கை மேலே ஏறும்போது திரை அணைந்துவிட்டது.

மைக் கையை இறக்கவில்லை. அந்த அழுகையை முடித்துவிட்டுத்தான் தண்ணீர் கேட்டாள்.