அலுமாரிக்குப் பின்னால் ஒரு கோடு

வெள்ளக் காப்புறுதி என்பது வானம் வெளுத்திருக்கும்போது மட்டும் விற்கக்கூடிய சரக்கு. வாங்குகிறவர்களோ வானம் கறுத்த பிறகுதான் கேட்பார்கள். எழுபதுகளில் பதுளையில் அந்தச் சரக்கைத் தூக்கிக்கொண்டு நான் படியேறி இறங்கினேன். எனக்கோ கூச்ச சுபாவம். கதவைத் தட்டிவிட்டு, யாரும் திறக்காவிட்டால் நல்லது என்று இரண்டடி தள்ளி நிற்பேன். அடுத்தவர் வாசலில் எதையாவது விற்க நின்று பார்த்தவர்களுக்கு இந்தப் பாடு புரியும்.

மலையில் ஏது வெள்ளம்?

ஹமீது நானாவுக்குக் கடைவீதியில் புடவைக்கடை. வீடு பதுளை ஓயா என்கிற ஆற்றின் கரையில். வீட்டுக்குத் தீக் காப்புறுதி எடுத்திருந்தார். அந்தப் பத்திரத்தில் வெள்ளம் அடங்காது, அதைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும் என்று சொல்லப் போனேன். அவர் சேலையை மடித்துக்கொண்டே கேட்டார். நான் ஓயாவைப் பற்றியும் சொன்னேன். மலையில் பெய்கிற மழை மலையிலேயே தங்குவதில்லை. எல்லாச் சரிவிலிருந்தும் இறங்கி ஒரே ஓயாவுக்குத்தான் வருகிறது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓயா வளைகிறது, வளைகிற இடத்தில்தான் கரை ஏறும் என்றேன்.

நானா சேலையை அடுக்கில் வைத்தார். "ஏஜெண்ட், இது மலை. இங்க தண்ணி நிக்காது, ஓடும். வெள்ளத்தக் கொண்டுபோய் மட்டக்களப்புப் பக்கம் வில்லுங்க."

அணைக்கத் தண்ணீர்

அதே கரையில், இன்னும் கொஞ்சம் கீழே, சவரிமுத்து ஐயாவின் வீடு. பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்து வீடு வேலை இருக்கும்வரைக்கும்தான். வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். அப்படி இறங்கி வந்து வாங்கிய இந்த வீடுதான் அவருக்கும் மனைவி பிலோமினா அம்மாவுக்கும் வாழ்க்கையில் முதல் சொந்த வீடு. இது போனால் திரும்பிப் போக அவர்களுக்கு வேறு இடம் இல்லை.

ஐயா நான் வாய் திறக்கும் முன்பே தீக் காப்புறுதி கேட்டார். தேயிலை காய்கிற அடுப்புக்கு முன்னால் காலம் முழுக்க நின்றவர்; தூக்கத்தில் கூடப் புகை வாசம் பிடிப்பவர். எழுதினேன். வெள்ளத்தையும் சேர்க்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். ஜன்னல் வழியாக ஓயா தெரிந்தது, சத்தமும் கேட்டது.

ஐயா அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "எதுக்குத் தம்பி? இந்த வீட்ட வாங்குனதே அதுக்குத்தான். நெருப்புப் பிடிச்சா அணைக்கத் தண்ணி பக்கத்துலயே இருக்கு பாருங்க!"

நகராத சாமான்

ஒரு வீட்டில் முன்பு வெள்ளம் வந்ததா என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் பதில் கிடைக்காது. விற்றவர் சொல்லியிருக்க மாட்டார். அக்கம்பக்கத்தில் பழைய ஆட்களை விசாரிப்பேன். அதைவிட நம்பகமானது சுவர். வெள்ளம் வடிந்த வீட்டில் சேற்றுக் கோடு விழும். பெருநாளோ கிறிஸ்மஸோ தீபாவளியோ வந்தால் அதன்மேல் சுண்ணாம்பு ஏறிவிடும். ஆனால் எந்தச் சாதிசனமானாலும் ஒரு வழக்கம் பொது: கனமான அலுமாரியை நகர்த்த மாட்டார்கள். அதைச் சுற்றி அடித்துவிட்டு விடுவார்கள்.

சவரிமுத்து ஐயாவின் வீட்டில் ஒரு பலாமர அலுமாரி. வீட்டோடு சேர்ந்து வந்தது. முன்பு இருந்தவர்களால் தூக்க முடியவில்லையாம். அதைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாமா என்று கேட்க எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடிக்கும் நேரம் ஆனது. மூவரும் தள்ளினோம். பின்னால், முழங்கால் உயரத்தில், பழுப்பாக ஒரு கோடு. "வீடு கழுவுன தண்ணியா இருக்கும்" என்றார் ஐயா. பிலோமினா அம்மா கோட்டையும் தன் முழங்காலையும் மாறிமாறிப் பார்த்தார்.

"முழங்கால் மட்டும் தண்ணி விட்டு யாருங்க வீடு கழுவுவாங்க? தம்பி, வெள்ளத்தையும் சேர்த்து எழுதுங்க. நெருப்புக்கு இவரு பயப்படட்டும், தண்ணிக்கு நான் பயந்துக்கிறேன்."

குடையோடு வந்தவர்

மழையில்லாத காற்றுக்காலம் போய் மழை பிடித்தது. ஒரு வாரம் விடவில்லை. ஓயா கலங்கி, கரையோரப் புல்லைத் தொட்டுக்கொண்டு போனது. ஹமீது நானா சாரத்தைத் தூக்கிக் கட்டி, குடை சொட்டச் சொட்ட என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். "அந்த வெள்ளத்த இண்டைக்கே போடுங்க."

ஆறு ஏறத் தொடங்கிவிட்டால் புதிதாக வெள்ளக் காப்புறுதி எடுக்க எங்கள் கம்பனிக் கந்தோர் சம்மதிக்காது. தண்ணீர் இறங்கட்டும், பிறகு எழுதித் தருகிறேன் என்றேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

நானா குடையை மடக்காமலே என்னைப் பார்த்தார். "நல்ல யாவாரம் ஏஜெண்ட்! குடைக்கடை வெச்சிட்டு, மழை வந்தாக் கதவப் பூட்டுறீங்களே!"

பாதர் வருகிறார்

அந்த மழையில் ஓயா கரை ஏறியது. ஹமீது நானா வீட்டில் வாசற்படியை நக்கிவிட்டுப் போனது. சவரிமுத்து ஐயா வீட்டில் உள்ளே வந்து ஓரிரவு தங்கியது. அவர்கள் மேட்டு வீட்டில் ஒதுங்கிக்கொண்டதால் உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் சமையலறைப் பக்கச் சுவர் விழுந்துவிட்டது. கூரை ஒரு பக்கம் தொங்கியது. அடுத்த பெருமழைக்குள் அந்தச் சுவர் எழும்பாவிட்டால் வீடே நிற்காது.

நான் ஓடிப்போய்ப் பார்த்து, மதிப்பீட்டாளர் வரும்வரை எதையும் துடைக்க வேண்டாம், சேற்றுக் கோடு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கொழும்பிலிருந்து அவர் வரத் தாமதமானது. நான் மறுபடி போனபோது வீடு பளிச்சென்று இருந்தது. விழுந்த சுவரைத் தவிர எல்லாச் சுவருக்கும் புதுச் சுண்ணாம்பு. தலையில் கை வைத்துக்கொண்டேன்.

ஐயாவின் கையில் இன்னும் சுண்ணாம்பு மட்டை இருந்தது. "கிறிஸ்மஸுக்கு பாதர் வீடு மந்திரிக்க வாறாரு தம்பி. சேத்துச் சுவருக்கு முன்னால அவர நிப்பாட்ட முடியுங்களா?"

ரசமட்டம்

மதிப்பீட்டாளர் கொத்தனாரைப் போலப் பையில் மட்டம் பார்க்கும் ரசமட்டம் வைத்திருந்தார். வீட்டின் முன்னால் ஓயா, பின்னால் செங்குத்தான தேயிலைச் சரிவு. சரிவில் ஓரிடத்தில் மண் இறங்கிய தழும்பு தெரிந்தது. வெள்ளத்துக்குத்தான் பத்திரம், மண்சரிவு அதில் அடங்காது. இந்தச் சுவரைத் தள்ளியது ஓயாவா, மலையா என்றுதான் அவர் கேட்பார். தண்ணீராக இருந்தால் கோடு மட்டமாக விழும்; மண்ணாக இருந்தால் ஒரு பக்கம் அப்பியிருக்கும். "கோடு எங்கே?" என்றார். ஐயா வெள்ளைச் சுவரைப் பார்த்தார்.

பிலோமினா அம்மா நேரே போய் அலுமாரியில் தோளைக் கொடுத்தார். நாங்களும் தள்ளினோம். பின்னால் சுண்ணாம்பு படாத சதுரம். அதில் பழைய கோடு; அதற்கு ஒரு சாண் மேலே புதிய கோடு, ஈரம் காயாமல். ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றது. "ஓயாதான்" என்று எழுதிக்கொண்டார். காப்புறுதிப் பணம் வந்து, அடுத்த மழைக்கு முன் சுவர் எழும்பியது.

ரசமட்டம் வைத்த அன்றைக்கு ஐயா, வெள்ளத்தில் நனையாமல் தாம் காப்பாற்றிய பத்திரத்தைப் பற்றி மதிப்பீட்டாளரிடம் பெருமையாகச் சொல்லத் தொடங்கினார். அம்மா இடையில் புகுந்தார். "சும்மா இருங்க. வீட்டக் காப்பாத்துனது உங்க சோம்பேறித்தனம். அலுமாரிய நகட்டி அடிச்சிருந்தா இன்னைக்கு நாம ரோட்டுல."

ஓயா வற்றியபோது

அடுத்த காற்றுக்காலத்தில் ஓயாவில் கல் தெரிந்தது. இதுதான் நல்ல நேரம் என்று பத்திரத்தோடு ஹமீது நானாவிடம் போனேன். சவரிமுத்து வீட்டுக் கதை அவருக்கும் எட்டியிருந்தது. என்னை உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தார். கையெழுத்து விழப்போகிறது என்று பேனா மூடியைக் கழற்றினேன். நானா மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"பத்திரம் கிடக்கட்டும் ஏஜெண்ட். அந்த மாதிரிப் பலாமர அலுமாரி ஒண்டு எங்க வாங்கலாம்?"

இத்தனை காலம் படியேறி இறங்கியதில், ஓயாவின் குணம் எனக்கு ஓரளவு பிடிபட்டது. கரையில் இருப்பவர்களின் குணத்துக்குத்தான் இன்னும் ஒரு ரசமட்டம் கிடைக்கவில்லை.