கஷாயமே போதும்

லிங்கம்மாளுக்கு மாதத்தில் இருபது நாள் உதிரம் போனது. மூன்று வருஷமாக. அருப்புக்கோட்டையில் அவர்களுடைய நெசவுத் தெருவில் வீட்டுக்குத் தூரமான பெண் நூலைத் தொடக் கூடாது, அடுப்பைத் தொடக் கூடாது. அவளையும் யாரும் தொடக் கூடாது. அந்த இருபது நாளும் வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் கிடந்தாள்.

கணவன் திம்மையா வைத்தியரிடம் அசோகப்பட்டை வாங்கி வந்தான். கஷாயத்தில் ஆறு மாதம் குறைந்தது; பிறகு முன்னைவிட அதிகம். மதுரையில் லேடி டாக்டர் ஊசி போட்டார், இரும்புச் சத்து மருந்து கொடுத்தார், ஒரு முறை உள்ளே சுரண்டியும் பார்த்தார். மூன்று மாதம் நின்றது. மறுபடி பழையபடி.

"கர்ப்பப்பையில கட்டி இருக்கு. மருந்து கொஞ்ச நாள் தடுக்கும், கட்டியைக் கரைக்காது. பையை எடுத்தா ரத்தம் நிக்கும், பிள்ளை பிறக்காது. ஆபரேஷன்ல ஆபத்து உண்டு. இப்படியே விட்டா அதைவிட ஆபத்து. கையெழுத்துப் போடுங்க."

திம்மையா லிங்கம்மாளைப் பார்க்கவில்லை. "பையை எடுத்த பொம்பளைய வச்சு நான் என்ன செய்ய? கஷாயமே போதும்."

1946 சித்திரையில் ஒரு காலை, கொட்டகையில் எழுந்தவள் மயங்கி விழுந்தாள். நெற்றி கல்லில் பட்டது. திம்மையா வாசல்வரை வந்தான். தீட்டு. வெளியில் நின்றே இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு தறிக்குப் போனான். அவளுக்கு நினைவு திரும்பியிருந்தது. கூப்பிட்டதும் கேட்டது, தறிச் சத்தமும் கேட்டது. உச்சிவெயிலில் தீட்டுத்துணி எடுக்க வந்த சலவைக்கார மாரிக்கனிதான் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

மறு வாரம், மதினிக்குப் பிரசவம் என்று சொல்லி மதுரையில் அண்ணன் அப்பய்யா வீட்டுக்குப் போனாள். அண்ணன் கையெழுத்துப் போட்டான். இரண்டரை மாதம் கழித்துத் திரும்பும்போது வயிற்றில் தையல் தழும்பு இருந்தது. உதிரம் இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேரே கொட்டகைக்குப் போனாள்.

"இன்னுமா நிக்கலை?" திம்மையா வெளியில் நின்று கேட்டான்.

"நிக்கலை."

வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். அவள் தமிழில் சொன்னாள், தெருவில் போகிறவனுக்குச் சொல்வதுபோல.

அதன்பின் மாதம் முப்பது நாளும் தூரம். அவன் தண்ணீர் சுமந்தான், கம்பு இடித்தான், தார்க்குச்சியில் நூல் சுற்றினான், பிறகு தறியில் உட்கார்ந்தான். பட்டையை இடித்து, எட்டுக்கு ஒன்றாகச் சுண்டவைத்து, கொட்டகை வாசலில் வைத்துவிட்டு விலகுவான். அவள் சுவரோரம் ஊற்றுவாள். வேறு பெண் கேட்டும் போனான். சர்க்கார் நூலை அளந்து கொடுத்த கன்ட்ரோல் காலத்தில் தறி பாதி நாள் சும்மா கிடந்த வீட்டுக்கு யாரும் பெண் தரவில்லை.

மாரிக்கனி வாரம் இரண்டு முறை தெரு பார்க்கத் தீட்டுத்துணி மூட்டையைத் தூக்கிப் போனாள்.

"அழுக்கில்லாத துணிய வெளுக்குறவ இந்தச் சீமையிலேயே நான் ஒருத்திதான், தாயி. எத்தனை நாளைக்கு?"

"அவுக வாயால கேக்குற வரைக்கும்."

"கேட்டா?"

லிங்கம்மாள் சிரித்தாள்.

மறு வருஷ ஐப்பசியில் கேட்டான். அவனும் தமிழிலேயே கேட்டான்.

"லிங்கு, மதுரைக்குப் போவோம். பையை எடுத்துரட்டும். நான் கையெழுத்துப் போடுறேன். ஒன்னையக் கும்பிடுறேன்."

அவள் அவனை வெகுநேரம் வெயிலில் நிற்கவைத்தாள். நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டாள்.

"பையை எடுத்த பொம்பளைய வச்சு நீங்க என்ன செய்யப் போறீக? கஷாயமே போதும்."

அவன் அடுப்படிக்குத் திரும்பினான். சற்று நேரத்தில் பட்டை இடிக்கும் சத்தம் கேட்டது.