காயாத வெள்ளை

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். விளக்கை அணைக்க வேண்டாம். நான் சொல்லப்போவது பட்டப்பகலில் நடந்தது. யாருக்கு நடந்ததோ அவளே என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். வீட்டுக்கு வந்தவர்களிடம், "சோறு தீந்துபோச்சு" என்று முகத்துக்கு நேரே சொல்கிற ரகம் அவள். பொய் அவளுக்கு வராது.

மூத்தவள் என்று வைத்துக்கொள்வோம். பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. புதிதாகக் கட்டுகிற பல், பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போக வேண்டும் அல்லவா? அதைப் பார்ப்பது அவள் பொறுப்பு. வந்தவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக உதட்டருகே பிடித்துப் பார்ப்பாள். பதினாறு விதமான வெள்ளை. தூக்கத்தில் எழுப்பிக் காட்டினாலும் எது எதென்று சொல்லிவிடுவாள்.

அவள் ஒரு பழைய வீட்டை வாங்கிக் குடிபோன மூன்றாம் மாதம், தங்கை வந்து நின்றாள். கையில் ஒரே ஒரு பை. தலைமுடியைப் புருஷன் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டியிருந்தான். முன்பல் ஒன்று மங்கியிருந்தது. மூத்தவள் அந்தப் பல்லைத்தான் பார்த்தாள். அடிபட்ட பல் அன்றைக்கே நிறம் மாறாது. வாரக்கணக்கில் ஒன்றும் ஆகாதது போல இருந்துவிட்டு, பிறகு உள்ளிருந்து மங்கும். சாம்பல் ஏறின ஒரு வெள்ளை. அதை எங்கே பார்த்தாலும் அவளுக்குத் தெரியும்.

"இனி அங்க போகமாட்டேன்க்கா. இழுத்துட்டுப் போக வருவான். என்னை அனுப்பிடாதே."

"வரட்டும் பாப்போம். பின்னறை உனக்கு. என்ன கலர் அடிக்கலாம்?"

"வெள்ளை."

பெயிண்டரை எல்லோரும் 'அவசரம்' என்று கூப்பிடுவார்கள். அவ்வளவு மெதுவான மனுஷன். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு நான்கு சின்ன டப்பாக்களோடு வந்தார். பால் வெள்ளை, முத்து வெள்ளை, பஞ்சு வெள்ளை, முட்டையோட்டு வெள்ளை. பின்னறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு நான்கு சதுரம் பூசினார். காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வெளிச்சத்திலும் பார்த்த பிறகுதான் முடிவு செய்வேன் என்றாள் மூத்தவள்.

"வெள்ளைக்கு இவ்வளவு ஆராய்ச்சியாம்மா? சுவரு என்ன, சிரிக்கவா போவுது?"

"சிரிச்சாலும் அழகா சிரிக்கட்டும்ணே. நீங்க பூசுங்க."

மூன்று சதுரங்கள் ஒரு மணி நேரத்தில் காய்ந்தன. கதவோரம் இருந்த நான்காவது, முட்டையோட்டு வெள்ளை... காயவில்லை.

பதினொன்று பத்துக்கு ஒரு சத்தம். டொக்.

ஒரே தடவை. சுவருக்குள்ளிருந்து.

"எலியா இருக்கும்," என்றார் அவசரம். ஆனால் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

புதன்கிழமை காலையிலும் அந்த இடம் ஈரமாகவே இருந்தது. நிறமும் மாறியிருந்தது. டப்பாவைக் குலுக்காமல் பூசிவிட்டேன் போல என்று சொல்லி, அவர் அதைத் துடைத்துவிட்டுப் பஞ்சு வெள்ளையைப் பூசினார். பதினொன்று பத்து. டொக். பஞ்சு வெள்ளையும் மங்கியது. முத்து வெள்ளையும் மங்கியது. வியாழக்கிழமை பால் வெள்ளையும் அப்படியே. நான்கு டப்பா, நான்கு வெள்ளை. அந்த ஓரிடத்தில் மட்டும் எல்லாம் ஒரே நிறமாகப் போய்ச் சேர்ந்தன.

மூத்தவள் கிளினிக்கிலிருந்து மாதிரிப் பற்களைக் கொண்டுவந்து சுவரோடு வைத்துப் பார்த்தாள். பதினாறில் எதுவும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாது. அந்த நிறத்தில் யாரும் பல் கட்டிக்கொள்வதில்லை.

திரும்பித் தங்கையின் வாயைப் பார்த்தாள்.

அதே நிறம்.

வெள்ளிக்கிழமை அவசரம் ஜன்னலைச் சாத்தினார். ஒயரில் ஒரு பல்பை மாட்டி, சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். அப்படிப் பிடித்தால் சுவரின் மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். எல்லா இடமும் தட்டை. அந்த இடத்தில் மட்டும் ஒரு தட்டு அகலத்துக்குச் சுவர் உப்பியிருந்தது.

"இங்க மட்டும் பூசிப் பூசி வீங்கியிருக்கும்மா. அதுக்கு மேல மொத்த அறைக்கும் தடிமனா ஒரே பூச்சு. எதுக்கு இப்படி..."

ஈரத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தது. தூரிகையின் மயிர் என்று நினைத்து இழுத்தார்.

வந்தது.

வந்துகொண்டே இருந்தது. முழ நீளம். பழைய பெயிண்ட்டுக்கு அடியிலிருந்து.

வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவசரம் அன்றைக்கு அவசரமாகப் போனார். டப்பாவைக்கூட மூடவில்லை.

தங்கை மெல்லச் சுவரருகே போனாள். முதுகைச் சாய்த்து நின்றாள். அவள் பின்னந்தலை சரியாக அந்த உப்பலில் போய் உட்கார்ந்தது.

"என் உயரம்தான்க்கா அவளும்."

"எவ?"

தங்கை சுவரைத் தடவிக்கொடுத்தாள்... அழுகிற பிள்ளையின் முதுகைத் தடவுவது போல.

சனிக்கிழமை. மூன்று நாற்பது. வாசலில் வண்டி நின்ற சத்தம்.

"கிளம்பு. வண்டி வெளிய நிக்குது," என்றான் தங்கையின் புருஷன். குரல் சாந்தமாகத்தான் இருந்தது.

"அவ வரமாட்டா. நீங்க போங்க," என்று வழியை மறித்தாள் மூத்தவள்.

"புருஷன் பொண்டாட்டி விஷயம். நீங்க தலையிடாதீங்க அண்ணி."

அவள் நகரவில்லை. ஒரே தள்ளு. பின்னறை நிலைப்படியில் போய் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்த சத்தம் அவள் காதுக்கே கேட்டது.

அவன் பின்னறைக்குள் போனான். பிடிக்கத் தலையில் முடியில்லை. பிடரியைப் பிடித்தான். "என்கிட்டயே ஒளியுறியா?" என்று சொல்லிக்கொண்டே தங்கையின் முகத்தைச் சுவரை நோக்கி ஓங்கினான்.

அந்த இடத்தை நோக்கி.

ஒரு விரல்கடை தூரத்தில் நின்றது.

அவன் கை விரல்கள் பிரிந்தன. அவன் பிரிக்கவில்லை... ஒவ்வொன்றாகப் பின்னால் வளைந்தன. சடக். சடக். சடக்.

தங்கை நழுவித் தரையில் விழுந்தாள்.

அவன் தலை பின்னால் இழுபட்டது. யாரோ முடியைக் கொத்தாகப் பிடித்தது போல. அவன் பின்னால் யாரும் இல்லை.

டொக்.

அதே சத்தம்.

டொக். மூக்கு உடைந்தது. டொக். வாயிலிருந்து பல் சிதறித் தரையில் ஓடியது. அவன் கதறினான். இரண்டு கையாலும் சுவரைத் தள்ளினான். டொக். முழங்கால் மடங்கியது. தூக்கி நிறுத்தியது. டொக். தவழ்ந்து கதவுக்கு வந்தான்... காலைப் பிடித்து ஏதோ இழுத்தது. டொக். டொக்.

மூத்தவள் எண்ணினாளாம். ஏன் எண்ணினாள் என்று அவளுக்கே தெரியாது.

பன்னிரண்டு.

பிறகு சத்தமே இல்லை.

மூன்று நாற்பத்தேழு.

அவன் தரையில் ரத்தத்தில் கிடந்தான். மூத்தவள் சுவரைப் பார்த்தாள்.

ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

பால் வெள்ளை.

அவன் சாகவில்லை, கண்ணுகளா. ஆனால் இன்றுவரை பேச்சு வரவில்லை. வெள்ளைச் சுவரைக் கண்டால் தலையை மூடிக்கொண்டு சுருண்டுவிடுகிறானாம். போலீஸ் வந்தது. அவன் முகத்தையும் அந்தச் சுத்தமான சுவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். என்ன எழுதுவதென்று அவர்களுக்கே தெரியவில்லை. தங்கையை அழைத்துப் போக அதன் பிறகு யாரும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, கையில் மாவுக்கட்டோடு மூத்தவள் பெயிண்ட் கடைக்குப் போனாள். பின்னறை முழுவதற்கும் பால் வெள்ளை வேண்டும் என்றாள். வீட்டில் கொண்டுவந்து இறக்க விலாசம் கேட்டார் கடைக்காரர். சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றுவிட்டது.

"அந்த வீடா? முன்ன அங்க இருந்த அம்மா இங்கதான் வருவாங்க. முக்காடு விலகாது. சின்ன டப்பா ஒண்ணு கேப்பாங்க. 'பழைய வெள்ளையோட ஒத்துப்போகணும்ணே, பூசினதே தெரியக்கூடாது'ம்பாங்க. நானும் தடவைக்கு ஒரு வெள்ளை குடுப்பேன். ஒத்துப்போகலன்னு திரும்ப வந்து நிப்பாங்க. பதினொரு தடவை."

"அப்புறம்?"

"பன்னெண்டாவது தடவை அவங்க வரல. வீட்டுக்காரர் வந்தாரு." கடைக்காரர் குரல் இறங்கிவிட்டது. "சின்ன டப்பா கேக்கல. இருபது லிட்டர் வாளி கேட்டாரு."

அவ்வளவுதான், கண்ணுகளா. அந்த அம்மாவை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. வீட்டை விற்றுவிட்டுப் போன அந்த ஆளையும்தான்.

போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் எந்தக் கையும் யார்மேலும் ஓங்காமல் இருக்கட்டும். எந்தச் சுவரும் எதையும் மறைக்க வேண்டாத சுவராக நிற்கட்டும். உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும், ஒருவர்கூடக் குறையாமல், நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.