தேன்சிட்டுக்குக் கட்டிய திரை

நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன், செம்பூரில் எங்கள் கட்டட வாசலில் ஒரு தேன்சிட்டைப் படமெடுத்து, ‘மும்பையில் ஹம்மிங்பேர்ட்’ என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஹம்மிங்பேர்ட் இந்தியாவிலேயே கிடையாது என்பது, எங்கள் ஐரோலி ஆபீஸில் டீ கொடுப்பவர் உட்பட எல்லாருக்கும் தெரிந்திருந்தது. போதாததற்குப் படத்தில் வால் மட்டும்தான் விழுந்திருந்தது.

ரோஷத்தில் பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். தேன்சிட்டையாவது ஒழுங்காக எடுப்போம் என்று அலைந்ததில், தமிழர்கள் நிறைய இருக்கும் சீத்தா கேம்ப்பில் வீட்டிலேயே தையல் வேலை செய்யும் ஒரு அக்காவின் வாசலில் கூடு இருப்பது தெரிந்தது. கேபிள் ஒயரில் தொங்கியது. காக்கைகள் உட்காரும் தெருப்பக்கத்தை மறைத்து, அவர் ஒரு பழைய துப்பட்டாவைக் கட்டியிருந்தார். தாய்ப்பறவை சுவரோரமாக வந்துபோகும்.

முதல் ஞாயிறு அது என் பக்கமே வரவில்லை.

“பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை கணக்கா மொறைச்சுக்கிட்டே இருந்தா, அது எப்படிண்ணே வரும்? தலையக் குனிஞ்சு உக்காருங்க,” என்றார் அக்கா, தையல் மிஷினை நிறுத்தாமலே.

குனிந்தேன். வந்தது.

மூன்றாவது ஞாயிறு இரண்டு குஞ்சுகள் தலை காட்டின. எல்லாம் கூடிவந்தது, வெளிச்சத்தைத் தவிர. அக்கா சமைக்க உள்ளே போன நேரம், துப்பட்டாவை ஒதுக்கித் துணி கிளிப்பை மாட்டினேன். காலை வெயில் கூட்டின் வாயில் விழுந்தது. குஞ்சின் வாய்க்குள் தாயின் அலகு. அப்படியொரு படம் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் இல்லை. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தபடியே முனைக்கடைக்கு டீ குடிக்கப் போனேன். கிளிப்பை எடுக்க மறந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது கூடு பாதி கிழிந்து தொங்கியது. ஒரு குஞ்சைக் காக்கை கொண்டுபோயிருந்தது. இன்னொன்று அக்காவின் உள்ளங்கையில் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் கிளிப்பைப் பார்த்தார். ஊசியில் நூல் கோத்து, கிழிசலை நாலைந்து தையலில் சேர்த்து, குஞ்சை உள்ளே வைத்து, துப்பட்டாவை இழுத்துவிட்டார்.

“இவ்வளவு ஆயிருச்சு. இனி தாய் வருமோ, வராதோ,” என்றார்.

இருவரும் கதவுக்கு உள்ளே தரையில் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் இருக்கும். சுவர்மேல் வந்து உட்கார்ந்த தாய் இரண்டு முறை திரும்பிப் போனது. மூன்றாவது முறை கூட்டைப் பற்றித் தொங்கி, உள்ளே தலையை விட்டது. அக்கா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. அதில் வாய் திறந்திருக்கும் குஞ்சு பிழைத்ததா, காக்கை கொண்டுபோனதா என்று இன்றும் எடுத்துப் பார்க்கிறேன். தெரியவில்லை.

அன்று கிளம்பும்போது, “அடுத்த ஞாயிறு வரலாமா அக்கா?” என்று கேட்டேன்.

மிஷினில் இருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “வாங்க. கேமரா வேண்டாம்.”