நிமிர்ந்து பார்க்காத மால்ஃப்ரிட்

மால்ஃப்ரிட் அந்தத் தீவில் பள்ளிப் பேருந்து ஓட்டத் தொடங்கியபோது முதல் வகுப்பில் ஏறிய பிள்ளைகள், இப்போது தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவள் பேருந்தில் ஏற்றிவிடுகிறார்கள். ஆள் நல்ல வாட்டசாட்டம், வாயும் அதற்குச் சளைத்ததில்லை. காலையில் கதவைத் திறக்கும்போதே, "ஏறுங்கடா சனியன்களா, குளிர் உள்ள வருது!" என்றுதான் திறப்பாள். வடக்கு நார்வேயில் அது பிரியமான பேச்சு. என்றைக்காவது திட்டாமல் திறந்தால், பாவம் உடம்புக்கு முடியவில்லைபோல என்று பிள்ளைகள் கவலைப்படுவார்கள்.

பனிப்புயல், வழுக்குப் பாதை, மலைச்சரிவு எதற்கும் அசராத அவளிடம் ஒரு வேடிக்கை உண்டு. குளிர்கால இரவுகளில் வானத்தில் பச்சையாக அலையும் துருவ ஒளியை அவள் நிமிர்ந்து பார்க்கமாட்டாள்.

சின்ன வயதில் அவள் முற்றத்தில் நின்று வெள்ளைக் கைத்துண்டை உதறிக்கொண்டிருந்தபோது, அண்ணன் ஆர்னுல்ஃப் பின்னால் வந்து காதுக்குள் சொன்னான்: "வெள்ளத் துணிய ஆட்டுனா அந்த வெளிச்சம் இறங்கி வந்து தூக்கிட்டுப் போயிடும். அடுத்த தீவுல ஒருத்தி போயே போயிட்டா." அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டு வளர்கிற கதைதான். மற்றவர்கள் பெரியவர்களானதும் சிரித்து மறந்தார்கள். மால்ஃப்ரிட்டும் அதை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டாள். அவள் கழுத்துதான் விடவில்லை. மேலே பச்சையாக ஏதாவது அசைந்தால் தலை தானாகக் குனிந்துகொள்ளும். இது கணவன் ஊட்வாருக்கு மட்டும்தான் தெரியும். அவனும் வருடத்தில் பாதி நாள் கடலில் இருந்தான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், அறிவியல் ஆசிரியர் யோஸ்டெய்ன் பேருந்தில் முன் இருக்கையில் வந்து உட்கார்ந்தார். போர்ச்சுகலிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் துருவ ஒளியைப் படிக்க வருகிறார்களாம். வசந்தத்தில் இந்தத் தீவுப் பிள்ளைகள் அங்கே போவார்களாம்.

"ஒரு பொண்ணுக்கு மட்டும் தங்க வீடு கிடைக்கல, மால்ஃப்ரிட். வெளியூர் போன உன் மகன் அறை சும்மாதானே கிடக்கு?"

"சோறு போடுறேன், துணி துவைச்சுத் தர்றேன். வானத்தக் காட்டுன்னு மட்டும் என்னைக் கேக்கக் கூடாது."

"வானத்த நான் பாத்துக்கிறேன்" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

வந்தவள் பெயர் பெனடீட்டா. மெலிந்த பெண், அவளைவிடப் பெரிய பெட்டி, தலையில் இந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய வெள்ளைக் கம்பளித் தொப்பி. வாசலிலேயே, "வணக்கம், டோனா மால்ஃப்ரிட்" என்றாள். அவர்கள் ஊரில் பெரியவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையில்லை.

"டோனாவா? என்னைப் பாத்தா அரண்மனைக்காரி மாதிரியா இருக்கு? இங்க வாத்தியாரையே பேர் சொல்லித்தான் கூப்பிடுறோம்."

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாங்க, டோனா."

இரண்டு பேருக்கும் அரைகுறை இங்கிலீஷ். அதனால் சண்டை வரவும் வழியில்லை. முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு அப்போதுதான் பிடித்த காட் மீனை ஈரலோடும் சினையோடும் வேகவைத்து வைத்தாள் மால்ஃப்ரிட். பெனடீட்டா ஈரலை முள்கரண்டியால் மெல்லத் திருப்பிப் பார்த்தாள், மறுபடியும் திருப்பினாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். "தைரியசாலிதான்" என்று மால்ஃப்ரிட் மனதுக்குள் குறித்துக்கொண்டாள்.

வாரம் முழுக்க மேகம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் துருவ ஒளி வந்தால் ஆடும் காந்த ஊசிகளைப் பார்த்தார்கள், வரைபடம் போட்டார்கள், பனிச்சறுக்கில் விழுந்து எழுந்தார்கள். வானம் மட்டும் சாம்பல் போர்வையை விலக்கவில்லை. முதலில் மால்ஃப்ரிட்டுக்கு உள்ளூர நிம்மதிதான். ஆனால் அந்தப் பெண் சன்னலோரம் போய் நின்று, "நாளைக்கும் இப்படியேதான் இருக்குமா, டோனா?" என்று தினமும் கேட்கக் கேட்க, அந்த நிம்மதியை நினைத்தே அவளுக்கு வெட்கமாகப் போனது.

கடைசியில் ஒரு மதியம் காற்று திரும்பியது. மாலை வானம் திறக்கும் என்றார்கள். யோஸ்டெய்னின் திட்டம் எளிமையானது. "கட்டைவிரல நீட்டி, ஒரு கண்ண மூடிப் பாருங்க. அப்புறம் மத்த கண்ண மூடுங்க. விரல் நகர்ந்த மாதிரி தெரியுதில்ல? தீவோட ரெண்டு முனையும் நமக்கு ரெண்டு கண்ணு." ஒரே நொடியில் இரண்டு இடத்திலிருந்து படம் எடுத்தால், நட்சத்திரங்களுக்கு நடுவே ஒளி எவ்வளவு தள்ளித் தெரிகிறது என்று பார்த்து அதன் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். பாதிப் பிள்ளைகள் அவரோடு வடக்கு முனையில் இருக்கும் பள்ளி மைதானத்தில். மீதிப் பேர் மால்ஃப்ரிட்டின் பேருந்தில் தெற்கு முனைக்கு.

பாதி வழியில் மலைப்பாதையை மூடும் தடுப்புக் கட்டை இறங்கியிருந்தது. மேலே காற்று பனியை வாரி அடிக்கிறது. பனி தள்ளும் வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர்கள் காத்திருக்கும்போதே மாலை ஐந்து மணி இருட்டில் தலைக்கு மேல் மேகம் கிழிந்தது. பெனடீட்டாவின் போன் அடித்தது. யோஸ்டெய்ன் கத்தினார்: "வந்துடுச்சு! எங்க இருக்கீங்க?"

"தடுப்புகிட்ட நிக்கிறோம்!"

"அங்கேயே எடுங்க! அது நமக்காக நிக்காது!"

மால்ஃப்ரிட் விளக்குகளை அணைத்தாள். பிள்ளைகள் குதித்து இறங்கினார்கள். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேகமானியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சற்று நேரத்தில் பெனடீட்டா சன்னலைத் தட்டினாள்.

"டோனா, காத்துல கேமரா ஸ்டாண்ட் ஆடுது. எங்களால பிடிக்க முடியல. நீங்க பக்கத்துல வந்து நின்னா..."

"நின்னா?"

"சுவர் மாதிரி இருக்கும்."

மால்ஃப்ரிட்டை இதுவரை யாரும் இவ்வளவு நேர்மையாகப் புகழ்ந்ததில்லை. தன் பூட்ஸ் நுனியைப் பார்த்தபடியே இறங்கினாள், காற்றுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டாள், ஸ்டாண்டின் கால்களை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். போனில் யோஸ்டெய்ன் எண்ணினார். கேமரா சத்தமிட்டது. இன்னொரு முறை. மறுபடியும் ஒரு முறை. பிறகு பிள்ளைகள் ஆரவாரம் செய்தார்கள். பெனடீட்டா தொப்பியைக் கழற்றி வானத்தை நோக்கி வீசி ஆட்டினாள்.

"ஆட்டாதேடீ!"

மால்ஃப்ரிட் போட்ட கூச்சலில் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவளுக்கு முகம் சிவந்தது. வேறு வழியில்லாமல் அண்ணன் சொன்ன கதையைச் சொன்னாள். பிறகு பேருந்தே குலுங்குகிற மாதிரி ஒரு சிரிப்பு. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் மால்ஃப்ரிட்தான்; சிரித்த சிரிப்பில் தலை பின்னால் சாய்ந்துவிட்டது.

வானம் முழுக்க அது இருந்தது. பச்சைத் திரை ஒன்று மடிந்து மடிந்து மலைக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது. அதன் கீழ் ஓரத்தில் இளஞ்சிவப்பு ஓடியது. அது யாரையும் பார்க்கவில்லை, யாரையும் தேடி வரவுமில்லை.

"அட சனியனே, இவ்வளவு அழகா நீ!" என்றாள் மால்ஃப்ரிட். பெனடீட்டாவின் கையிலிருந்த தொப்பியைப் பிடுங்கி, தோள் வலிக்கும்வரை ஆட்டினாள்.

மறுநாள் வகுப்பில் உயரத்தைக் கணக்கிட்டார்கள். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தது. யோஸ்டெய்ன் தாடியைச் சொறிந்தார். பச்சை ஒளி பொதுவாக அவ்வளவு உயரத்தில் நிற்காது. கணக்கை மூன்று பேர் சரிபார்த்தும் விடை மாறவில்லை. பெனடீட்டாதான் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். தூரத்தைத் தெற்கு முனை வரைக்கும் போட்டிருந்தார்கள். அவர்கள் நின்றதோ பாதி வழியில். அதைத் திருத்தியதும் நூற்றுப்பத்து கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஆசிரியர் மேசையைச் சுற்றி ஆடியே விட்டார்.

அன்று மால்ஃப்ரிட் அண்ணனுக்கு போன் போட்டாள்.

"ஆர்னுல்ஃப், நேத்து வெள்ளத் தொப்பிய ஆட்டினேன். யாரும் தூக்கிட்டுப் போகல."

"அடிப்பாவி, அத இன்னுமா நம்பிட்டிருந்தே?"

"நூறு கிலோமீட்டருக்கு மேல இருக்காம். இறங்கி வரவே நேரமாகும்."

"உன்னத் தூக்கணும்னா இன்னும் ரெண்டு வெளிச்சம் வேணும்" என்றான் அவன். அதற்கு அவள் சொன்ன பதிலை எழுத முடியாது.

வசந்தத்தில் பிள்ளைகள் போர்ச்சுகல் புறப்பட்டபோது, துணைக்கு இன்னொரு பெரியவர் வேண்டியிருந்தது. பிள்ளைகள் ஒரே குரலில் மால்ஃப்ரிட் பெயரைச் சொன்னார்கள். அங்கே பெனடீட்டாவின் அம்மா டோனா க்ரசிண்டா, நார்வேயிலிருந்து வரும் உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஊறவைத்து, உருளைக்கிழங்கு, வெங்காயம், முட்டை, ஒலிவக்காய் சேர்த்துச் சமைத்திருந்தாள்.

"இது எங்க ஊர் மீனா? நம்பவே முடியலயே" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்ட மால்ஃப்ரிட், தட்டை மறுபடியும் நீட்டினாள்.

மறுநாள் கடற்கரைக்குப் போனார்கள். அந்தப் பருவத்தில் அந்த ஊர்க்காரர்கள் யாரும் தண்ணீரில் கால் வைக்கமாட்டார்கள். எல்லாரும் மேலங்கியோடு நின்றார்கள். மால்ஃப்ரிட் நீச்சலுடையோடு நேராக அலைக்குள் நடந்து போனாள். தெருவில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

"டோனா மால்ஃப்ரிட், வெளிய வாங்க! செத்துடுவீங்க!" என்று கரையிலிருந்து அலறினாள் க்ரசிண்டா.

"எங்க ஊர் கோடைய விட இது சூடு! நீயும் வா!"

க்ரசிண்டா மகளைப் பார்த்தாள். கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பெரிய துண்டைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, புனிதர்கள் பெயரை ஒவ்வொன்றாகக் கூவிக்கொண்டே முழங்கால் அளவு தண்ணீர்வரை வந்துவிட்டாள்.